வம்சப் பட்டியலில் ஒரு வரி

லாங்கன்பாக்,
12 மார்ச் 1936

அன்புள்ள ஒட்டிலி அக்காவுக்கு,

மின்னா எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பாய். அமெரிக்காவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே குளிர் இன்னும் விடவில்லை. ஜாடியில் புளிக்கப் போட்ட முட்டைக்கோஸ் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

என் மகன் கொன்ராடுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சொந்தமாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறான். பெண் எல்ஸ்பெத், காது நன்றாகக் கேட்பவள். அவனுக்காகக் கையால் பேசவே கற்றுக்கொண்டாள்.

புதுச் சட்டப்படி கல்யாணத்துக்குச் சுகாதார அலுவலகத்தின் சான்று வேண்டும். வம்சப் பட்டியல் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு நானே நிரப்பினேன். கொன்ராட் பெயருக்கு எதிரே 'பிறவிச் செவிடு' என்று எழுதினேன். இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொன்னதுதானே.

டாக்டர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்க்கவே இல்லை. "பரம்பரை வியாதிம்மா. கல்யாணமெல்லாம் கிடையாது. பிள்ளை பிறக்காம ஒரு சின்ன ஆபரேஷன் செஞ்சிடுவாங்க" என்றார், பல் பிடுங்குவதைச் சொல்வதுபோல. "என்னம்மா சொல்றாரு?" என்று கொன்ராட் கையால் கேட்டான். 'வீட்டுக்குப் போகலாம்' என்று மட்டும் கையால் சொன்னேன் அக்கா.

உனக்குத் தெரியும். மூன்று வயதுவரை அவனுக்குக் கேட்டது. உடம்பெல்லாம் சிவந்து காய்ச்சல் வந்தபோது, "டாக்டரைக் கூப்பிடுடி, பிள்ளை நெருப்பா கொதிக்கிறான்" என்று கத்தினாய். நான் அறுவடை விழாவுக்கு ஆடப் போனேன். மூன்றாம் நாள்தான் டாக்டர் வந்தார், அதற்குள் அவன் காது போய்விட்டது.

ஆபரேஷன் என்று கேட்ட மறுநாளே ஓடிப்போய்ச் சுகாதார அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். "எல்லா அம்மாவும் இப்படித்தான் மாத்திச் சொல்றாங்க. இது உங்க கையெழுத்துதானே?" என்று அந்த அலுவலக டாக்டர் சிரித்தார். அன்று காய்ச்சலுக்குப் பார்த்த பழைய டாக்டரும் செத்துவிட்டார், என் வீட்டுக்காரரும் போரில் போய்விட்டார். சாட்சி நீ ஒருத்திதான்.

ஆபரேஷன் செய்வதா என்று முடிவுசெய்ய ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி கோர்ட்டில் விசாரணை. காலில் விழுகிறேன், உடனே எழுது. உன் காலடிச் சத்தம் கேட்டாலே "ஓட்டி, ஓட்டி" என்று வாசலுக்கு ஓடுவானே, அதை எழுது. அவன் பேசிய முதல் வார்த்தையே உன் பெயர்தான். எனக்கு அதில் எவ்வளவு எரிச்சல்!

கடவுள்தான் தன்னை இப்படிப் படைத்தார் என்று கொன்ராட் நம்புகிறான். ஞாயிறுதோறும் அதற்கும் சேர்த்து நன்றி சொல்கிறான்.

கர்த்தர் உன் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும். நான் செய்ததில் ஒன்றையும் மறைக்காதே. உன் கடிதத்தை முதலில் அவனிடம்தான் கொடுப்பேன்.

உன் தங்கை,
மின்னா