பத்ரிநாத்தில் இறங்கிக்கொண்ட உங்கப்பா

அரியலூர்
ஐப்பசி 9

அன்பு மகள் பரிமளாவுக்கு அம்மா எழுதுவது. அந்த மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது, அதனால் எழுதிக் கொடுக்கிறேன், உன் சித்தப்பா மகன் பிரேம்குமார் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான்.

கோயில் டூர் போன உங்கப்பா அந்த பஸ்ஸில் திரும்பாமல் பத்ரிநாத்திலேயே தங்கிவிட்டார் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். ஆயுத பூஜை முடிந்ததும் நானும் பிரேம்குமாரும் அவரைக் கூட்டிவரப் போனோம், நேற்றுத்தான் வந்து சேர்ந்தோம். மூன்று நாள் ரயில், இரண்டு நாள் மலைப்பாதையில் பஸ், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் எங்கோ கீழே ஆறு, பாதி வழி கண்ணை மூடிக்கொண்டேதான் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து இளைத்திருந்தார், ஆனால் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது, அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயமே வந்தது. வூட்டுக்கு வாங்க என்று அழுதேன். மறுநாள் விடியற்காலையில் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. வெந்நீர் ஊற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, கீழே இருட்டு விலகாதபோதே பனிமலையின் உச்சி மட்டும் மஞ்சள் பூசினதுபோல் ஆனது, கோயில் மணி கேட்டது. எனக்கே கை தானாகக் குவிந்துவிட்டது பரிமளா, எதற்காக வந்தோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. அப்போதுதான் சொன்னார், சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பது வருஷம் வெடி வைத்ததில் காதுக்குள் ஓயாமல் ஒரு இரைச்சல் இருந்ததாம், "இங்க வந்த அன்னிக்கு அது நின்னுபோச்சு புள்ள, இப்பதான் தூங்குறேன்" என்றார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு அது தெரியவில்லையே.

ஊருக்கு வாங்க, காதை டாக்டரிடம் காட்டலாம் என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் சரி என்று பையோடு வந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் ஆரன் அடித்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு "போயிட்டு வா" என்று என் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டார். பிரேம்குமார் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தான், உதறிவிட்டாராம்.

கார்த்திகையில் பனி விழுந்ததும் கோயிலை மூடிவிடுவார்கள், சத்திரமும் மூடிவிடும், அப்புறம் எங்கே போவார், ஜுரம் வந்தால் யார் பார்ப்பார்கள். நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் பேச்சைத்தான் அவர் கேட்பார். சத்திரத்து மேனேஜர் நம்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மெதுவாகப் பேசு, கோபப்படாதே. இன்னொன்று பிரேம்குமாருக்குக்கூடத் தெரியாது, ஒட்டின கவரில் தனியாக எழுதி அனுப்பவும் வழியில்லை, அவன் படித்தாலும் படிக்கட்டும். "நீயும் இங்கயே இருந்துடு" என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று மூன்று நாளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் மாட்டையும் வீட்டையும் அப்படியே விட்டுவிட்டு இருந்திருப்பேன். சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லு.

பேரனுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், நீ நேரத்துக்குச் சாப்பிடு. தள்ளிப்போடாமல் இந்த வாரமே அவரிடம் பேசிவிடு.

உன் அம்மா
த. செல்வம்மாள்