கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டேன்

என்னங்க,

நர்ஸ் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார். பக்கவாதம் வந்ததிலிருந்து உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதால், இந்த ஒருமுறையாவது நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டேன். "நீ கை வச்சா கெட்டுப்போயிடும்" என்று இருபது வருடமாகச் சொன்னீர்கள். கெடவில்லை. முதல் நாள் மட்டும், மிக்சியை நிறுத்துவதுபோல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வாத்தியாரம்மாவுக்காக அடித்து வைத்திருந்த மூன்று பக்க விண்ணப்பம் போயே போய்விட்டது.

"சேவ் பண்ணலையா பாட்டி?" என்று கேட்டார்.

"பண்ணலைம்மா. உட்காருங்க, திரும்ப அடிச்சுத் தர்றேன்."

ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் அடித்தேன். அவர் இரண்டு டீ குடித்துவிட்டார். போகும்போது, "நாளைக்கு என் தங்கச்சியையும் அனுப்புறேன்" என்றார்.

இப்போது ஃபோல்டர் திறந்து பெயர் வைக்கிறேன், தேடி எடுக்கிறேன், முறையாக ஷட் டவுன் செய்கிறேன். மவுஸ் மேஜை ஓரத்துக்குப் போய்விட்டால் தூக்கி நடுவில் வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இது போதாதா? போனில் கேட்ட பேத்தியே அசந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் உங்களைப் பார்க்க வருகிறான். "அம்மாவால முடியாதுப்பா, கடையை வித்துடலாமா?" என்று கேட்பான். நல்ல பிள்ளைதான், அவசரக்காரன். சரி என்பதற்கு நீங்கள் கண்ணை மூடிக் காட்ட வேண்டுமாம், நர்ஸ் சொன்னார்.

அவன் கேட்கும்போது கண்ணில் தூசியே விழுந்தாலும் மூடாதீர்கள்.

இப்படிக்கு,
கடையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் மனைவி