நீரை வீணாக்காத பூச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

குடிபாலாவில் நீயும் நைனாவும் நலந்தானே? நான் திருப்பதியில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று வகுப்பில் கரப்பான் பூச்சியின் கழிவு உறுப்புகளை நடத்தினேன். நூல் நூலான குழல்கள் கழிவைப் பிரிக்கும். குடல் அதிலுள்ள நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சொல்லிக்கொண்டிருந்தபோதே அடிவயிறு சுருக்கென்று வலித்து உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே, நீர்க்கடுப்புதான். கல்லூரியில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. அதனால் மாலைவரை நான் தண்ணீர் குடிப்பதில்லை.

"தண்ணி குடிக்காம இருக்க யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குட்த்தது?" என்றார் டாக்டரம்மா. கழனிக்குப் போகும் நாளெல்லாம் நீ அப்படித்தான் இருப்பாய் என்று நான் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் காஞ்சனா அக்கா திருப்பதிக்கு வந்தால் கொஞ்சம் பார்லி கொடுத்தனுப்பு. மணி அடித்துவிட்டது, கழிப்பறைச் சாவி கேட்டுவிட்டுத்தான் இன்று வகுப்புக்குப் போவேன். நீயும் தண்ணீர் குடி, அம்மா. பூச்சியின் குடல் நமக்கு இல்லை.

உன் சுலோசனா