நிமிடத்துக்குப் பதினான்கு

ஏப்ரல் 4

சாமியாருக்கு,

இல்லை, தூங்கி விழவில்லை. நீ அப்படித்தான் நினைத்திருப்பாய். ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். முதுகு நேராக, கண் மூடி. மூச்சைக் கவனி என்று எழுதியிருந்தாய். கவனித்தேன். அதுதான் சிக்கல்.

பதினோரு வருடமாக எனக்கு அதுதானே வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சைக் கவனிப்பது என்றால், எப்போது நிற்கும் என்று பார்ப்பது. என்னுடையதையும் அப்படியே பார்த்தேன். உள்ளே. வெளியே. அடுத்தது வருமா? வந்தது. முடித்து எழுந்தால் காலண்டரின் பின்பக்கத்தில் என் கையெழுத்து: காலை 6.10, நிமிடத்துக்குப் பதினான்கு, சீராக உள்ளது. நோயாளியும் நானே, நர்ஸும் நானே.

தலைமை நர்ஸ் இரண்டு மாத லீவு கொடுத்து அனுப்பியதை உனக்குச் சொல்லவில்லை. "பஸ்ல பக்கத்துல உக்காந்தவ மூச்சையெல்லாம் எண்றியாமே. வீட்டுக்குப் போ தாயே. எண்றத விட்டுட்டு வா."

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதிக்கொள்வோம் என்றாய். எழுதுகிறேன். நம் வீட்டில் உட்காரத் தெரிந்த ஒரே ஆள் நீ. நான்கு வருடம், நைட் டூட்டி முடிந்து நான் வரும் காலைகளில் எல்லாம் கண் மூடி உட்கார்ந்திருப்பாய். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போவேன். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது கேட்கிறேன்: எப்படிச் செய்தாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.

நர்ஸம்மா

*

ஏப்ரல் 11

நர்ஸம்மாவுக்கு,

நீ உனக்கே சார்ட் எழுதிய கதையை இங்கே மேஸ்திரியிடம் சொன்னேன். "உங்க வீட்டம்மா சாமிக்கே பி.பி. பாப்பாங்க போலிருக்கே" என்றார். அன்று முழுக்கச் சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே.

மூச்சு வேண்டாம், விட்டுவிடு. பாதம் தரையில் படுவதைக் கவனி. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். ஐந்து நிமிடம் போதும். மனம் எங்காவது போனால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு உட்காராதே, கடன் அடைப்பது போல.

நாங்கள் லிஃப்ட் மாட்டும் கட்டடம் பதினெட்டு மாடி. இரண்டு லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டன, மூன்றாவது பதினோராம் மாடியில் முறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த மாதமும் அடுத்த மாதமும் வேலை இருக்கிறது. பிறகு வேறு ஊர் வேலை கேட்டு வாங்கலாம். வாங்காமலும் இருக்கலாம்.

ஜூன் முதல் தேதி வீட்டுக்கு வரட்டுமா?

சாமியார்

*

மே 2

சாமியாருக்கு,

இருபது நாள் ஆகிவிட்டது. மூன்று நாள் விட்டேன், கடன் அடைக்கவில்லை. ஐந்து நிமிடம் பன்னிரண்டாகியிருக்கிறது. சமையலறை ஜன்னலோரம், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. பாதம் நல்ல யோசனை. பாதத்தை யாரும் எண்ண முடியாது.

பெரும்பாலான நாள் ஒன்றும் நடப்பதில்லை. முழங்கால் வலிக்கிறது. பால் தீர்ந்துவிட்டது நினைவுக்கு வருகிறது. மேல் வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள். முதலில் இதுவா தியானம் என்று தோன்றியது. இப்போது தோன்றுவதில்லை, உட்காருகிறேன்.

பதினேழாம் நாள் ஒருவர் வந்தார். நான்காம் கட்டில் தையல்காரர். இறந்து ஒன்றரை வருடம் இருக்கும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். அவர் இறந்த அன்று காலை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ கண் மூடியிருந்தாய்.

நீ உட்கார்ந்த நாட்களில் உனக்கு யார் வந்தார்கள்? நாம் பேசிக்கொள்ளாத ஆட்கள் உனக்கும் இருந்திருப்பார்கள். அதை எழுது. வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

நர்ஸம்மா

*

மே 9

நர்ஸம்மாவுக்கு,

யாரும் வரவில்லை. நான் உட்காரவே இல்லை.

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இதை அனுப்பிவிடுகிறேன். நம் கட்டட லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். என் தொழில் அது. நம் மாடியில் நின்றதும் காபி டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் விரிப்பில் உட்காருவேன். நீ குளிக்கப் போனதும் எழுந்துவிடுவேன். ஆறு நிமிடம், ஏழு நிமிடம்.

கல்யாணமான புதிதில் ஒரு காலை நீ வந்து, உன் வார்டில் இறந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னாய். அன்று முழுக்க என்னால் வேலை பார்க்க முடியவில்லை. உன்னிடம் "சொல்லாதே" என்று சொல்ல வெட்கம். கண்ணை மூடிக்கொண்டேன். நீயும் மரியாதையாகச் செருப்பைக் கையில் எடுத்தாய். அதைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

உனக்கு எழுதிய யோசனைகள் இங்கே நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்தவை. நீ கேட்ட பிறகுதான் நானும் நிஜமாக உட்கார ஆரம்பித்தேன். நாலு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை.

போலிச் சாமியார்

*

மே 17

உனக்கு,

கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் உட்காரவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே. பன்னிரண்டு நிமிடமும் நீதான். ஐந்தாம் நாள் பாதியில் நீ போய்விட்டாய், மேல் வீட்டு நாற்காலி வந்தது. நீ சொல்லிக்கொடுத்தது எங்கிருந்து வந்ததோ, என்னிடம் நிற்கிறது. அதை உனக்காக விட மாட்டேன்.

இப்போது கேள். தையல்காரர் எங்கள் வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தார். தினமும் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இந்தக் காலரை எவன் தச்சான்? கழட்டிக் குடுங்க, பிரிச்சுத் தச்சுத் தர்றேன்" என்பார். "இங்கயேவா கழட்டச் சொல்றீங்க, தாத்தா?" என்றால் இருமல் வரும்வரை சிரிப்பார். கடைசிக் காலையில் நிமிடத்துக்கு ஆறு. ஒரு கையில் அவர் கட்டைவிரலைப் பிடித்திருந்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். மறு கையால் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அவரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

சொல்லி முடிக்க மூன்று நிமிடம் ஆகும். நான்கு வருடமாக உன்னிடம் எனக்கு அந்த மூன்று நிமிடம் இல்லை.

முதல் தேதி வா. பகல் இரண்டரைக்கு டூட்டியிலிருந்து வருவேன். வந்ததும் பேசுவேன். தாங்க முடியவில்லை என்றால் "போதும்" என்று வாயைத் திறந்து சொல், நிறுத்திக்கொள்கிறேன். அதைச் சொல்லவும் முடியாது என்றால் வேறு ஊர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். எழுதித் தெரிவிக்க வேண்டாம், வந்தால் தெரிந்துகொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு, தலைமை நர்ஸுக்குப் போன் செய்து, ஜூன் முதல் தேதியிலிருந்து நைட்டுக்குப் பதில் காலை ஷிஃப்ட்டில் என் பெயரைப் போடச் சொன்னேன்.