வாடகைக்கு வந்த மாடுகள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இங்கே சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மருந்து கசக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ மீதியைச் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரி வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சுரங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்ட வீட்டுக்கும் நிலத்துக்கும் பதிலாக உன் அக்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைப் பற்றி நீ அவளிடம் சத்தம் போட்டாயாம். அதிகாரிகளின் அறிக்கையைப் படித்தேன், நிலம் பச்சைப்பசேலென்று மீட்கப்பட்டிருக்கிறது, கால்நடைகள் மேய்வதை நேரில் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள், படமும் இருக்கிறது, நீ ஏன் வீம்பு பிடிக்கிறாய் என்றாயாம். அந்தப் படத்தை மறுபடி ஒரு தடவை பெரிதாக்கிப் பார். முன்னால் ஒற்றைக் கொம்போடு நிற்பது நம் பால்காரருடைய மாடு. கல்லூரிக்குப் போகும்வரை நீ குடித்த பால் அதன் தாயுடையது. சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும், சுரங்க மேனேஜர் ஆளுக்கொரு மூட்டைத் தீவனம் தருவதாகச் சொல்லி ஊரிலுள்ள மாடுகளையெல்லாம் அன்றைக்கு ஓட்டிவரச் சொல்லிவிட்டார். அவருக்கு இங்கே பூங்கா என்று பெயர். எந்தக் குழியைக் காட்டிக் கேட்டாலும் இது பூங்காவாகப் போகிறது என்பார். மூடிய குழியின் மேல் விதையும் பச்சைச் சாயமும் கலந்த கூழைக் குழாயால் பீய்ச்சி அடித்திருந்தார்கள். வரைபடத்தில் காடு எங்கே என்று கேட்டால் தாள் முழுவதும் பச்சைக் கலர் பூசித் தரும் மாணவனை நான் பார்த்திருக்கிறேன், அவனுக்காவது வயது எட்டு.

பதில் நிலம் பெறப்போகிறவர்களும் வரலாம் என்றதால் அக்கா, மாப்பிள்ளை, நான் மூவரும் போயிருந்தோம். அதிகாரிகள் வந்ததே தாமதமாகத்தான். வந்தவர்கள் கொட்டகையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டு, பல் குத்தி, ஒருவர் லேசாகக் குறட்டையும் விட்டார். பிறகு காரில் ஏறி வேலி ஓரமாகவே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். தலைமை அதிகாரி மட்டும் படம் எடுத்துக்கொள்ள இறங்கி, மாட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். எழுந்தபோது வெள்ளைக் கால்சட்டையின் முழங்கால் பச்சையாக இருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே நல்ல வளர்ச்சி என்று பாராட்டினார். அதற்குள் பால் கறக்கும் நேரம் ஆகிவிட்டது. ஒற்றைக் கொம்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மற்றவையும் பின்னாலேயே வரிசையாக, அவர்கள் காரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டன. என்னங்க எல்லாம் கெளம்பிடுச்சு என்று அதிகாரி கேட்க, வயிறு ரொம்பிடுச்சு சார், அதான் என்றார் பூங்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். பால்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, டீச்சர், வந்ததுலேர்ந்து ஒரு வாய் வைக்கல, மோந்து பாத்துட்டுச் சும்மா நின்னுதுங்க என்றார் என் காதில்.

அக்கா நேரே அதிகாரியிடம் போய், ஐயா, இங்க ஒரு சாண் தோண்டிப் பாக்கலாமா என்று கேட்டாள். அந்தப் பெரிய மனிதர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: தோண்டினா புல்லு கெட்டுப்போயிடும்மா. எத்தனை வருடம் படித்தால் இப்படிப் பேச வரும் என்று தெரியவில்லை. அவர்கள் போனபிறகு அவளே மண்வெட்டியால் தோண்டினாள். மேலே விரல் கனத்துக்கு மண், அதற்குக் கீழே கறுப்புக் கல்லும் கரித்தூளும், கந்தக வாடை மூக்கைத் துளைத்தது. சுரங்கம் வெட்டும்போது, பிறகு மேலே பரப்புவதற்கென்று ஒதுக்கிவைத்திருக்க வேண்டிய மேல்மண்ணை எங்கே தொலைத்தார்களோ, கேட்டால் அதற்கும் பூங்கா என்பார்கள்.

இந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டால் வேறு நிலம் கேட்கும் உரிமை அத்தோடு போய்விடும். அக்கா மாட்டேன் என்கிறாள். மாப்பிள்ளையையும் நான் குறை சொல்லமாட்டேன். வீடு போனதிலிருந்து சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில், குழந்தை வீட்டுப்பாடம் எழுதினால் அவர் வாசலில் போய் நிற்கவேண்டும். மனுஷன் அலுத்துப்போயிருக்கிறார். ஊரே வாங்குது, நாம மட்டும் என்ன பெரிய இவங்களா என்று அரைமனதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நீ பேசிய மறுநாளிலிருந்து, உன் தம்பியே சொல்லிட்டான், படிச்சவன், அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு என்று சொல்லியே அவள் வாயை அடைக்கிறார். அக்கா தோண்டிய குழியைத் தன் கண்ணால் பார்த்தவர், உன் பேச்சைக் கேட்டபின் அது ஏதோ ஒரு மூலையில் அப்படி இருந்திருக்கும் என்கிறார். மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். அக்கா இரண்டு நாளாக யாரிடமும் பேசுவதில்லை.

காரை விட்டு இறங்காமல் பார்த்ததற்கு அந்த அதிகாரிகளுக்காவது சம்பளம் வருகிறது. நீ எதற்கப்பா அதைச் சும்மா செய்கிறாய்? கோபித்துக்கொள்ளாதே, உன்னைத் தவிர வேறு யாரிடம் இப்படிக் கேட்பேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அறிக்கையை நம்பிப் பேசிவிட்டேன் அத்தான், நிலத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் இருவரும்தான் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல். மீதியை அவரே யோசித்துக்கொள்வார், நல்ல மனிதர்தான்.

அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடாமல் வெளியே போகாதே. நல்ல சுகத்தோடும் தெளிந்த புத்தியோடும் நீ நீண்ட நாள் வாழவேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். கடிதம் கிடைத்த அன்றே மாப்பிள்ளையிடம் பேசு. பிறகு அக்காவைக் கூப்பிடு. முதல் தடவை எடுக்கமாட்டாள், வைத்துவிடாதே, மறுபடியும் கூப்பிடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா