முற்றத்தைக் கொத்திவிட்டேன்

மரின்யா கிராண்டே, போர்ச்சுகல்,
மார்ச் 9.

அன்புள்ள அடெலினோ,

இங்கே நாங்கள் சுகம். லக்ஸம்பர்க் குளிரில் நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரை என்று சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்பதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால், உன் பின்னாலிருந்து உன் அண்ணன் அமில்கார் ஒன்பது சொல்கிறார். கடிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. கடைசிவரை படி. நடுவில் கோபம் வரும், வந்தாலும் படி.

நான் வாங்கிய மெஷினை விற்கப்போவதில்லை. அதை வாங்க அண்ணன் பிடித்துவைத்திருக்கும் ஆளிடம் சொல்லிவிடு. எனக்காக அங்கே பார்த்துவைத்திருக்கும் ஆபீஸ் கூட்டுகிற வேலைக்கும் வேறு ஆளைத் தேடச் சொல். பதினாறு வருஷம், இரும்பில் வார்ப்பு அச்சு வெட்டும் மோல்ட் கம்பெனியில் மில்லிங் மெஷின் ஓட்டியவள் நான். மெஷின் ஓடினால் நீ ஊருக்கு வந்துவிடுவாய், ஓடாவிட்டால் நான் அங்கே வர வேண்டும் என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் சொன்னது நீதான். அதை நான் வாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நடந்ததைக் கேள். அந்தப் பழைய சிஎன்சி மெஷினை கிரேன் வைத்து காரேஜுக்குள் இறக்கிய அன்றே கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். திரை எரிந்தது. எண்ணெய் பம்ப் உறுமியதே தவிர அழுத்தம் ஏறவில்லை. எலக்ட்ரீஷியன் வால்தெமார், அதுதான் பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடிவாங்கியவர், சிரித்துக்கொண்டே மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். பம்ப் நேராகச் சுற்றியது. அதோடு தொல்லை தீர்ந்தது என்று உன் அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

எங்கே தீர்ந்தது? வெட்டுக்கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டிலை மெதுவாகச் சுற்றவிட்டால் சமர்த்தாகச் சுற்றும். வேகத்தைக் கூட்டினால், வோல்டேஜ் போதவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து வரும். மெஷின் அப்படியே நின்றுவிடும். விற்றவர் அனுப்பிய டெக்னீஷியன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பிண்டிலை ஓட்டும் ட்ரைவ் போய்விட்டது, புதிது போட்டால்தான் உண்டு என்றார். அந்த விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம். அன்றைக்குப் போனில் அண்ணன், "ஒரு தையல் மெஷின் வாங்கியிருந்தா சும்மா ஓடியிருக்குமே" என்று கேட்டார். பக்கத்தில் நீயும் சிரித்தாய். எனக்குக் கேட்டது.

என் பழைய ஃபோர்மேன் ஃபௌஸ்டீனோ இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். சோதனைக்கு ஒரு மோல்ட் பாகம் கொடுத்து, வெள்ளிக்கிழமை கைக்கு வந்தால் தொடர்ந்து வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார். அழுது பயனில்லை. செத்துப்போன ட்ரைவ் மெதுவாக மட்டும் எப்படி ஓடும் என்று வால்தெமாரைப் பிடித்து உலுக்கினேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, நாம் வோல்டேஜ் பார்த்ததெல்லாம் மெஷின் சும்மா நிற்கும்போதுதானே, ஓடும்போது பார்ப்போம் என்றார். அவர் வாசலில் மீட்டர் பெட்டி அருகே நின்றார், நான் காரேஜில் மெஷின் அருகே நின்றேன். ஆளுக்கொரு மல்டிமீட்டர். இருவரும் கத்திய கத்தலில் தெருவே ஜன்னலைத் திறந்தது. ஸ்பிண்டில் வேகம் எடுத்தபோது அவர் பக்கம் முள் அசையவே இல்லை. என் பக்கம் ஒரு ஃபேஸ் மட்டும் சரசரவென்று இறங்கியது. ஆக, மெஷினிலும் குறை இல்லை, வாசலிலும் குறை இல்லை. குறை நடுவில். நடுவில் இருப்பது உன் முற்றம்.

லீவு முழுக்க வெயிலில் முட்டி போட்டு, வெள்ளையும் கறுப்புமாக நீ கல் பதித்த முற்றம். கேபிள் அதற்கு அடியில்தான் போகிறது.

வால்தெமார் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் தாயே, அவன் ஊருக்கு வந்தா என்னைத்தான் கொல்லுவான். இப்போதைக்கு மேலால ஒரு ஒயரைத் தொங்கவிட்டு ஓட்டிக்கலாம்" என்றார். அந்த 'இப்போதைக்கு'தான் என்னைக் கிளப்பியது. நீ லக்ஸம்பர்குக்குப் போனது இப்போதைக்கு. பதினோரு வருஷம் ஆகிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாதது இப்போதைக்கு. பிள்ளைகூட இப்போதைக்கு வேண்டாம் என்றுதானே சொன்னோம். நான் கடப்பாரையை எடுத்துவிட்டேன்.

எலுமிச்சை மரத்துப் பக்கம் அகப்பட்டது. ஒரே கேபிள் என்று நீ சொன்னாயே, இரண்டு துண்டு. முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தாய். டேப் உருகித் தாராகிக் கிடந்தது, ஒரு ஒயர் கரிந்திருந்தது. வால்தெமார், "மாதாவே, வீடே எரிஞ்சிருக்குமே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ கேபிள் புதைத்த அன்றைக்கு மாதா திருவிழா, கடையெல்லாம் அடைப்பு. கேபிள் நீளம் போதவில்லை, உன் லீவும் முடியப்போகிறது. கையில் இருந்ததை வைத்து ஒட்டுப்போட்டாய். உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வருஷத்து வேலையை ஒரு மாதத்தில் முடிக்கப் பார்ப்பவன் வேறென்ன செய்வான்?

குழாய்க்குள் தடித்த புதுக் கேபிள், ஒட்டே இல்லாமல் போட்டோம். ஸ்பிண்டில் முழு வேகம் எடுத்துப் பாடியது அடெலினோ! நானும் அழுதேன், உன் அம்மாவும் அழுதார். வெள்ளிக்கிழமை ஃபௌஸ்டீனோ பாகத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். "அடுத்ததை எப்ப எடுத்துட்டுப் போற?" என்று மட்டும் கேட்டார்.

மெஷின் ஓடுகிறது. இனி உன் வாக்கு. பிடுங்கிய கல்லெல்லாம் சுவரோரம் குவிந்து கிடக்கிறது. வால்தெமார் ஆள் கூட்டிவந்து பதித்துத் தருகிறேன் என்றார், திருப்பி அனுப்பிவிட்டேன். பள்ளத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்கிறோம். அண்ணனிடம் கேட்டுக்கொண்டு பதில் எழுதாதே. உனக்கு நீயே யோசி.

பாதையெல்லாம் மாதா உனக்குத் துணை இருக்கட்டும். ஆனால் ஆகஸ்டில் வராதே. ஆகஸ்டில் லீவுக்கு வருகிறவர் எல்லாம் விருந்தாளிகள். ஏதாவது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை வா, வந்து புதன்கிழமையும் இரு.

உன்,
ஒலிந்தா