தவிட்டுக்கு வாங்கிய டொல்பின்

பெப்ரவரி 9

அபிஷாவுக்கு இன்று ஏழு வயது. கேக்கோடு ஒரு டொல்பினும் கொடுத்தேன், படமாக. திருகோணமலையில் ஒரு குழு, கடலில் திரியும் டொல்பின்களைப் பேருக்குத் தத்தெடுக்கச் சொல்கிறது. நாம் அனுப்பும் பணத்தில் அறுந்து மிதக்கும் வலைகளைப் படகில் போய் அள்ளுகிறார்கள். எங்களுடையதற்கு முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் அபிஷாவின் அப்பா போனில் சிரித்தார். “லிந்துலையில, தேயிலத் தோட்டத்து லயத்துக் காம்பராவுல டொல்பினா? எங்க கட்டிப் போடப் போற?”

பெப்ரவரி 11

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதே கேலி. பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்காதான் எல்லார் வாயையும் அடைத்தார்: “ஏன், அபிஷாவ நான் வாங்கல? என் வீட்லயா வளருறா?”

என் முதல் குழந்தை தங்கவில்லை. அதனால் அபிஷா பிறந்ததும் அக்கா மடியில் போட்டு, ஒரு சுளகு தவிட்டுக்கு விற்று, அன்றே திருப்பி வாங்கினோம். சாவு ஏமாந்து போகட்டும் என்று. இன்னமும் அவருக்கு இவள் ‘தவிட்டுப் புள்ள’தான்.

டொல்பினுக்கு அபிஷா பெயர் வைத்துவிட்டாள். தவிட்டம்மா!

மே 22

குழுவிலிருந்து செய்தி. இந்தப் பருவத்தில் தவிட்டம்மாவை யாரும் காணவில்லை. கடைசிப் படத்தில் வாலில் வலைத்துண்டு. விரும்பினால் வேறொன்றைத் தருவார்களாம்.

அபிஷாவிடம் எப்படிச் சொல்ல?

மே 23

வேற ஒன்னு. மொத புள்ள போன அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்லயும் இதத்தானே சொன்னாங்க? வேற ஒன்னு பெத்துக்கலாம்னு — எனக்கு வேணாம். எழுதிட்டேன்: அதையே தேடுங்க.

மே 25

ராக்காயி அக்கா திட்டினார். “இவளுக்கு நிமோனியா வந்தப்ப வேற புள்ள குடுன்னு கேட்டேனா? வேலைக்குப் போகாம நுவரெலியா ஆஸ்பத்திரியில உன்னோட உக்காந்திருந்தேன்ல? புள்ளைக்கிட்டச் சொல்லிடு.”

சொன்னேன். அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நம்ம தவிடு குடுத்தோமாம்மா?”

கொடுக்கவில்லையே.

“அப்ப அது இன்னும் நம்ம புள்ள இல்ல. அதான் காணாமப் போயிருச்சு.”

ஜூன் 2

திருகோணமலைக்கே போய்த் தவிடு கொடுக்க வேண்டுமாம் அபிஷாவுக்கு. பஸ்ஸில் வாந்தி எடுப்பாள். இருமல் திரும்பினால்? அலை இழுத்துட்டா? அவள் அப்பாவும் வேண்டாம் என்கிறார்.

போறேன்.

ஆகஸ்ட் 17, திருகோணமலை

கடலைப் பார்த்ததும் அபிஷா என் பின்னால் ஒளிந்தாள். அப்புறம் எனக்கு முன்னால் படகில் ஏறினாள். அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே போனேன்.

நடுக்கடலில், அக்கா கட்டிக்கொடுத்த பொட்டணத்தைப் பிரித்தாள். “கடல்தானேம்மா அதோட அம்மா?” தவிட்டைத் தூவி, “வாங்கிட்டேன். நீயே வளத்துக்க” என்றாள். படகோட்டி மதுரன் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு வலை மிதந்தது. எல்லாரும் இழுத்தோம். அபிஷா ஒரு நுனி, நான் ஒரு நுனி. அவள் இடுப்பிலிருந்து எப்போது கையை எடுத்தேன்? தெரியவில்லை.

கரைக்கு வந்ததும் அக்காவின் போன். “புள்ளயப் பாத்தியா?”

“காணலக்கா.”

“அப்ப பஸ் ஏற வேண்டியதுதானே?”

“நாளைக்கும் ஒரு வலை இருக்காம். இழுத்துட்டு வாறோம்.”